பைபர் படகு வரைய வருகிறவர்களுக்கு: திரையிலிருந்து கரை வரை

“தம்பி, அந்தக் குப்பத்துல ஒரு போட் ஓடுது பாரு, அச்சு அசலா அதே மாதிரி வேணும். நீளம் மட்டும் ரெண்டு அடி கூட்டிப் போட்டுக் குடு.”

இந்த வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே இந்த வசனம் உங்கள் காதில் விழுந்துவிடும். கேட்கச் சின்ன விஷயமாகத்தான் தெரியும். ரைனோ என்ற முப்பரிமாண வரைதல் மென்பொருளில் படகைத் தேர்ந்தெடுத்து ஸ்கேல் கொடுத்தால் அரை நிமிடத்தில் 28 அடி 30 அடியாகிவிடும். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சேர்த்து இழுத்திருந்தால் கொள்ளளவு 23 சதவீதம் ஏறியிருக்கும், பரப்பு 15 சதவீதம் ஏறியிருக்கும். அதாவது மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினும் (அதை இறுக்கும் பிசின்) 15 சதவீதம் கூடுதலாக வாங்க வேண்டும், பழைய எஞ்சின் இழுக்கத் திணறும், கரையில் ஏற்ற இன்னும் இரண்டு ஆள் வேண்டும். நீளத்தை மட்டும் இழுத்தாலும் தப்பிக்க முடியாது, அணியத்தின், அதாவது முன்முனையின், கூர்மை மாறும், அலையில் ஏறும் விதம் மாறும். இதை அவர் பாஷையில் அவருக்குச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சோழமண்டலக் கரையில் ஓடுகிற, 25 முதல் 35 அடி வரையிலான திறந்த பைபர் படகுகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உல்லாசப் படகு, பந்தயப் படகு எல்லாம் வேறு உலகம். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் போன இடத்தில் கூட்டம் கூட்டமாக பைபர் படகுகள் வந்தன, அவசரத்தில் கட்டினவை நிறைய, அச்சிலிருந்து அச்சு எடுத்துக் கட்டினவை அதைவிட நிறைய. ஒழுங்காக வரைந்து, கணக்குப் போட்டுக் கட்டக்கூடிய ஆட்களுக்கு இங்கே இன்னும் இடம் இருக்கிறது.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பல் வடிவமைப்பை முறையாகப் படிக்க வேண்டுமென்றால் சென்னை ஐ.ஐ.டி.யின் ஓஷன் இன்ஜினியரிங் துறை, கொச்சிப் பல்கலைக்கழகம் (குசாட்), விசாகப்பட்டினத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழக வளாகம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமெட் பல்கலைக்கழகம் ஆகியவை இருக்கின்றன. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வந்தவர்களும் இந்த வேலையில் உண்டு. பிளாஸ்டிக் பக்கமிருந்து வர நினைத்தால் கிண்டியில் இருக்கும் பிளாஸ்டிக் பயிற்சி நிறுவனமான சிப்பெட் பக்கம் விசாரியுங்கள். எந்த வழியில் வந்தாலும் கீழே இருப்பதைத் தனியாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதலில் கரைக்குப் போங்கள்

விடியற்காலை, படகுகள் திரும்பி வரும் நேரத்துக்குப் போங்கள். டேப், நோட்டு, செல்போன் போதும். அலை உடைகிற இடத்தில் ஓட்டுகிறவர் என்ன செய்கிறார், எஞ்சினின் நீள வாலை (நுனியில் விசிறி இருக்கும் தண்டு) எப்போது தூக்குகிறார், படகின் எந்த இடம் மணலில் முதலில் மோதுகிறது, எத்தனை பேர் எங்கே பிடித்துத் தள்ளுகிறார்கள் என்றெல்லாம் பாருங்கள். பிறகு கரையில் கிடக்கும் பழைய படகுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஏரா (அடியில் நெடுக ஓடும் முதுகு) தேய்ந்து கண்ணாடி இழை வெளியே தெரியும் இடம், பட்டி வைத்துப் பூசின இடம், விளிம்பில் கயிறு அறுத்த இடம், இதையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் அடுக்கு எங்கே வேண்டும் என்று எந்த மென்பொருளும் சொல்லாது, இந்தத் தேய்மானம் சொல்லும்.

இந்தக் கரையின் சிக்கலே துறைமுகம் இல்லாத ஊர்களில் அலைக்கு நடுவே புகுந்து மணலில் ஏறுவதுதான். 1979-இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பான எஃப்.ஏ.ஓ.வின் நிபுணர்கள் கரையேறும் படகுகளைப் பல வடிவங்களில் கட்டிப் பார்த்தது இதற்காகத்தான். எஞ்சினும் தண்டும் சேர்ந்தாற்போல் மேலே தூக்கிக்கொள்ளும் ‘பாப் டிரைவ்’ அதில்தான் வந்தது. பைபர் படகு கட்டுவது பற்றி எஃப்.ஏ.ஓ. கையேடுகளையும் போட்டிருக்கிறது, இலவசமாகவே கிடைக்கும், படங்களுக்காகவாவது பாருங்கள்.

கைப்பிடி விஷயம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் தனியாக வரைந்த முதல் படகில் எஞ்சின் பெட்டியை எஞ்சினின் அளவுக்கு அழகாக, கச்சிதமாகப் போட்டிருந்தேன். படகு முடிந்து எஞ்சினையும் இறக்கியாயிற்று. ஸ்டார்ட் பண்ண வந்த அண்ணன் கைப்பிடியைச் செருகிச் சுற்றப் பார்த்தார், முட்டி பெட்டியின் சுவரில் இடித்தது. ஒரு முழுச் சுற்றுக்கு இடம் விடவில்லை. எஞ்சினின் படத்தை இறக்குமதி செய்து வைத்தேனே தவிர, அதைச் சுற்றுகிற மனிதனை வைத்துப் பார்க்கவில்லை. அன்றே பெட்டியை அறுத்தோம். அன்றிலிருந்து என் ஃபைல் ஒவ்வொன்றிலும் ஐந்தரை அடி உயரத்தில் ஒரு மனித உருவம் உட்கார்ந்திருக்கும்.

மென்பொருள்: ஒன்றைப் பிடியுங்கள், நன்றாகப் பிடியுங்கள்

வடிவத்துக்கு ரைனோ பரவலாகப் புழங்குகிறது. மிதப்புக் கணக்குக்கு மாக்ஸ்சர்ஃப் இருக்கிறது, ஆனால் விலை தனி ஆளுக்குக் கட்டாது. டெல்ஃப்ட்ஷிப்பின் இலவசப் பதிப்பு தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும். பட்டறைக்குக் கொடுக்கிற படங்களுக்கு ஆட்டோகேட் அல்லது அது மாதிரி ஏதாவது ஒன்று. திருட்டு மென்பொருளில் பழகாதீர்கள் என்று உபதேசம் செய்யப்போவதில்லை, ஆனால் வாடிக்கையாளருக்கு பில் போடுகிற நாளில் அது உங்கள் தலைமேல் தொங்கும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. படகின் உடலை வரையும்போது கட்டுப்பாட்டுப் புள்ளிகளை அள்ளித் தெளிப்பார்கள். ஒரு இடம் சரியில்லை என்றால் அங்கே இன்னும் நாலு புள்ளி. கடைசியில் திரையில் பளபளவென்று தெரியும், நிஜத்தில் செய்து வெயிலில் வைத்தால் அம்மை வந்த முகம் மாதிரி அலையலையாக இருக்கும். நெடுக்கில் ஆறேழு, குறுக்கில் ஐந்து புள்ளிகளிலேயே இந்த அளவுப் படகு முழுக்க வந்துவிடும். வளைவுச் சீப்பைப் (கோடு எங்கே எவ்வளவு வளைகிறது என்று பற்களாகக் காட்டும்) போட்டுப் பாருங்கள், பற்கள் ஏறி இறங்கிக் குதிக்கக் கூடாது. பரப்பின் மேடு பள்ளத்தைக் காட்டும் வரிக்குதிரைக் கோடுகளைப் போட்டும் பாருங்கள். பழைய ஆசாரிகள் நீளமான ரீப்பரை வளைத்து வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்களே, அதேதான்.

எடை: இங்கேதான் உட்கார வேண்டும்

என்னைக் கேட்டால் படகு வடிவமைப்பில் பெரும்பகுதி கணக்குப்பிள்ளை வேலை. உடலை வரைந்த அன்றே ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி: எடை, அணியத்திலிருந்து எவ்வளவு தூரம், அடியிலிருந்து எவ்வளவு உயரம். எஞ்சின், டீசல், வலை, ஐஸ் பெட்டி, ஆட்கள், நங்கூரம், பெயின்ட் வரைக்கும் எழுதுங்கள். பெருக்கிக் கூட்டி வகுத்தால் ஈர்ப்பு மையம் வந்துவிடும். அது மிதப்பு மையத்துக்கு (தண்ணீருக்குள் இருக்கும் பகுதியின் நடுப்புள்ளி) பின்னால் போனால் படகு பின்பக்கம் உட்காரும், முன்னால் போனால் மூக்கைக் குத்தும்.

உடலின் எடையை எப்படிக் கணக்கிடுவது என்று ஒரு உதாரணத்தை முழுசாகவே போட்டுக் காட்டுகிறேன். 8.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், வெளிப்பரப்பு 22 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம் (பரப்பை ரைனோ ஒரு கட்டளையில் சொல்லிவிடும்). அடுக்கு வரிசை இப்படி: ஜெல்கோட் (வெளியே தெரியும் மேல்பூச்சு), 300 மேட், 450 மேட், 600 ரோவிங் (நெய்த கண்ணாடித் துணி), 450 மேட், 600 ரோவிங், 450 மேட். இந்த எண்களெல்லாம் ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. மேட் மொத்தம் 1650 கிராம், ரோவிங் 1200 கிராம். கையால் பூசும்போது மேட் அடுக்கில் கண்ணாடி சுமார் 30 சதவீதம், மீதி ரெசின். ரோவிங்கில் கண்ணாடி 45 சதவீதம் வரைக்கும் பிடிக்கும். ஆக மேட் பகுதி 1.65 வகுத்தல் 0.30, அதாவது 5.5 கிலோ. ரோவிங் பகுதி 1.2 வகுத்தல் 0.45, கிட்டத்தட்ட 2.7 கிலோ. ஜெல்கோட் அரை மில்லிமீட்டருக்கு 0.6 கிலோ. ஒரு சதுர மீட்டர் 8.8 கிலோ, கனம் ஆறு மில்லிமீட்டர் சுமாருக்கு வரும். 22 சதுர மீட்டருக்கு 193 கிலோ.

இதையே பட்டறையில் ரெசினை வாளியோடு கொட்டி, ரோலரால் பிழிந்து எடுக்காமல் விட்டால் மேட்டில் கண்ணாடி 25 சதவீதமாகவும் ரோவிங்கில் 40 ஆகவும் இறங்கிவிடும். கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: 224 கிலோ. துணி அதேதான், 31 கிலோ ரெசின் சும்மா ஏறியிருக்கிறது. “கனமா இருந்தா ஸ்ட்ராங்கு தம்பி” என்பார்கள். ரெசின் மட்டும் கூடினால் கனம் கூடும், இழுவிசையைத் தாங்குவது கண்ணாடிதான். கூடுதல் ரெசின் காய்ந்த பிறகு நொறுங்குகிற ஜாதி.

அடுத்து, எவ்வளவு ஏற்றினால் எவ்வளவு இறங்கும்? நீர்மட்டத்தில் படகின் பரப்பு 8.4 சதுர மீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டர் இறங்க கடல் தண்ணீரில் சுமார் 86 கிலோ வேண்டும். ஐந்து ஆள் 350, வலை 300, ஐஸும் மீனும் 400, ஆக 1050 கிலோவுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் சொச்சம் இறங்கும். இந்த ஒரு எண்ணைப் படகு உரிமையாளருக்குச் சொல்லிப் பாருங்கள், அதுவரை உங்களைக் கம்ப்யூட்டர் பையன் என்று நினைத்திருந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

அடுக்கு எத்தனை வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 12215 விதிகள் இருக்கின்றன, நிலைத்தன்மைக்கு 12217. இரண்டும் முதன்மையாக உல்லாசப் படகுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கணக்கு முறையை எடுத்துக்கொள்ளலாம், அப்புறம் மணலில் இழுபடும் அடிப்பகுதிக்கு மேலே கூடுதலாகப் போடுங்கள். எல்லோரும் ஒரே பக்கம் நின்று வலை இழுக்கும்போது படகு எவ்வளவு சாயும் என்பதைத் தனியாகக் கணக்கிட்டே ஆக வேண்டும், அதை விட்டுவிட்டு மற்ற எதைப் போட்டும் புண்ணியமில்லை.

ஒரு மாதமாவது ரோலர் பிடியுங்கள்

ரெசின் வாசனை தலைக்கேறாமல் படம் மட்டும் வரைந்துகொண்டிருக்கிற ஆளைப் பட்டறையில் யாரும் மதிக்க மாட்டார்கள், மதிக்கவும் தேவையில்லை. போய் நில்லுங்கள். அச்சுக்கு மெழுகு தேயுங்கள், ஜெல்கோட் அடியுங்கள், மேட் கிழித்துப் போடுங்கள், உப்புத்தாள் பிடியுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசம் வேண்டாம். ரெசினை இறுக வைக்கப் போடும் கேட்டலிஸ்டையும் கோபால்ட்டையும் எக்காரணம் கொண்டும் நேரடியாகக் கலக்காதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் அடுத்தது. கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், ஆகவே கண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள். முகத்தில் கட்டுகிற கைக்குட்டை ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது, கார்பன் குப்பி வைத்த முகமூடிதான் வேண்டும். தேய்த்த தூசு உடம்பில் அரித்தால் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள், வெந்நீர் ஊற்றினால் அரிப்பு இன்னும் உள்ளே போகும்.

சித்திரை வெயிலில் மதியம் பூசினால் கேட்டலிஸ்ட் ஒரு சதவீதம் போட்டாலும் மக்கிலேயே ஜெல்லாகிவிடும். அதனால்தான் பல பட்டறைகளில் வெயில் ஏறுவதற்கு முன்பே பெரிய பூச்சு முடிந்துவிடுகிறது. ஐப்பசி மழையில் வேறு தொல்லை, மேட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ரெசின் சரியாக ஒட்டாது. அவசரத்தில் ஒரே நாளில் எல்லா அடுக்கையும் ஏற்றினால் உள்ளே சூடு கூடி, அச்சைவிட்டு முன்கூட்டியே கிளம்பிவிடும். இரண்டு மூன்று நாள் காய்ந்ததன்மேல் அப்படியே அடுத்த அடுக்கு போடுவதும் தப்பு, தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் வருஷம் கழித்து தோசை மாதிரி உரிந்து வரும்.

இதையெல்லாம் பார்த்த பிறகு உங்கள் வரைபடம் தானாக மாறும். உள் மூலைகளைக் கத்தி மாதிரி கூர்மையாக வரைய மாட்டீர்கள், மேட் அந்த மூலையில் உட்காராது, உள்ளே காற்று நிற்கும், ஜெல்கோட் அங்கேதான் முதலில் உடையும் என்று தெரிந்திருக்கும். பக்கச் சுவர்களை நேர்செங்குத்தாக விடாமல் இரண்டு மூன்று டிகிரி விரித்து வைப்பீர்கள், இல்லாவிட்டால் படகு அச்சிலேயே குடியிருக்கும்.

வெற்றிடத்தில் ரெசினை உறிஞ்ச வைக்கிற இன்ஃபியூஷன், பி.வி.சி. ஃபோம், கார்பன் எல்லாம் இருக்கிறது, கற்றுக்கொள்ளலாம், அவசரமில்லை. கைப்பூச்சில் ஒழுங்கு வராத பட்டறைக்குப் பம்ப் வாங்கிக் கொடுத்து லாபமில்லை.

திரையிலிருந்து மரத்துக்கு

அச்சு செய்ய முதலில் பிளக், அதாவது படகின் வடிவத்திலேயே ஒரு மாதிரி, வேண்டும். பொதுவாகக் குறுக்குவெட்டுப் பலகைகளைப் பிளைவுட்டில் வெட்டி நிறுத்தி, மேலே ரீப்பர்களை அடித்து, பட்டி பூசித் தேய்ப்பார்கள். நீங்கள் வரைந்தது படகின் வெளித்தோல். பலகையின் அளவு அதிலிருந்து ரீப்பரின் கனத்தைக் கழித்து வர வேண்டும், அதுவும் பரப்புக்குச் செங்குத்தாகக் கழிக்க வேண்டும். அணியத்துக்குப் பக்கத்தில் தோல் சாய்வாக ஓடுவதால் 9 மில்லிமீட்டர் ரீப்பருக்கு 9 கழித்தால் போதாது. ஆகவே முதலில் ரைனோவில் பரப்பையே உள்ளே ஆஃப்செட் செய்துவிட்டு, அதற்கப்புறம் வெட்டுங்கள். இதை மறந்து நாற்பது பலகை வெட்டித் திரும்பப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

பட்டறைக்கு முப்பரிமாண ஃபைலை அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். ஒரு ஏ3 தாளில் அடுக்கு வரிசை, தமிழில், பெரிய எழுத்தில். எந்த அடுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஒன்றன்மேல் ஒன்று எத்தனை அங்குலம் ஏற வேண்டும், எந்த நாளில் எத்தனை அடுக்கு. அதை லாமினேட் செய்து சுவரில் ஒட்டுங்கள், பக்கத்தில் மார்க்கரைக் கட்டித் தொங்க விடுங்கள், ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் பூசினவரே டிக் அடிக்கட்டும்.

மிதப்புக்கு அடைக்கிற தெர்மக்கோலை இங்கே சொல்லியாக வேண்டும். பாலியெஸ்டர் ரெசின் தெர்மக்கோலில் பட்டால் அது கரைந்து குழியாகிவிடும். நேரடியாக மேலே பூசி மூடினால் வெளியே அழகாகத் தெரியும், உள்ளே வெறும் பொந்து. தடிமனான பாலித்தீனில் சுற்றி, அறைக்குள் வைத்து, மூடியைத் தனியாகப் பூசி ஒட்டுங்கள். அளவுக்குக் கணக்கு இதோ: பைபர் தண்ணீருக்குள் தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் கனக்கும், எஞ்சின் 85 சதவீதம் கனக்கும். 400 கிலோ பைபர், 120 கிலோ எஞ்சின் என்றால் 235 கிலோ மிதப்பு வெறும் படகுக்கே வேண்டும், விளிம்பைப் பிடித்துத் தொங்கப்போகும் ஆட்களுக்கு அதற்கு மேல். இதையெல்லாம் அடியில் அடைக்காதீர்கள், தண்ணீர் புகுந்தால் படகு குப்புறக் கவிழும். இரண்டு பக்கமும் விளிம்புக்குக் கீழே, உயரத்தில் வையுங்கள்.

காசு

முன்பணம் இல்லாமல் ஒரு கோடும் வரையாதீர்கள். முதல் படம், அடுக்கு வரிசை, வெட்டும் ஃபைல் என்று மூன்று தவணையாகப் பிரியுங்கள், வெட்டும் ஃபைல் கடைசித் தவணைக்கு அப்புறம்தான். ஒரு அச்சிலிருந்து எத்தனை படகு எடுக்கலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு இடத்தில் ஒரு படகுக்குத்தான் என்று சொல்லி வாங்கிப்போன என் படத்தில் பதினொரு படகு எண்ணினேன், பன்னிரண்டாவதை நீட்டியிருந்தார்கள், இரண்டு அடி.

இறக்கும் நாளும் அதற்குப் பிறகும்

தண்ணீரில் விடுவதற்கு முன் படகை எடை போடுங்கள். கிரேன் தராசு கிடைக்காவிட்டால் லாரியோடு எடைமேடைக்குக் கொண்டுபோய்க் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அந்தத் தராசு பத்து கிலோ சுற்றில்தான் காட்டும். முன்னும் பின்னும் நீர்மட்டத்தை டேப்பால் அளந்து, உங்கள் ஷீட்டில் நிஜம் என்று ஒரு பத்தி சேர்த்து எழுதுங்கள். கணக்குக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குள் வந்தால் டீ வாங்கிக் கொடுங்கள். வராவிட்டால் எந்த வரியில் போயிற்று என்று தேடுங்கள், பெரும்பாலும் ரெசினாகவோ எழுத மறந்த பட்டியாகவோ இருக்கும்.

ஆறு மாதம் கழித்துப் போங்கள். போல்ட் துளைகளைப் பாருங்கள், பிளைவுட் வைத்த இடத்தில் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள், சத்தம் ‘டக்’ என்று வந்தால் சரி, ‘தொப்’ என்று வந்தால் உள்ளே தண்ணீர். அதன் படத்தை எடுத்து, படகின் ஃபோல்டரிலேயே போடுங்கள். அடுத்த படகுக்கு அந்தத் துளையைச் சுற்றிப் பிளைவுட்டை எடுத்துவிட்டு முழுக் கண்ணாடியாக வரைய வேண்டியிருக்கும்.